உன் ஜோடி விலகிய பிறகு

தெப்பக்குளம், மதுரை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அப்பத்தாவும் நலம். தைத் தெப்பத் திருவிழாக் கூட்டம் கலைந்து, தெரு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. தோள்பட்டைக் காயத்தால் இனி ஐஸ் ஸ்கேட்டிங்கே வேண்டாமென்று, உன்னோடு சேர்ந்து ஆடும் ஜோடி முடிவெடுத்துவிட்டதைச் சொல்லி, "ஏழு வருஷத்தை என்னைக் கேட்காமலே முடிச்சிட்டான்ப்பா" என்று போனில் அழுதாய். அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ள நான் ஊர் திரும்பும் முன்பு, மாண்ட்ரியலில் விடிகாலை ஐந்து மணிக்கு உன்னைப் பனிச்சறுக்கு அரங்கில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். டெத் ஸ்பைரல் என்ற சுழற்சியில் அவன் ஒரு காலின் முனையைப் பனியில் ஊன்றி அச்சாக நிற்க, அவனுடைய ஒற்றைக் கையைப் பற்றியபடி நீ பின்னால் சாய்ந்து, தலை தரையை உரசுமளவு தாழ்ந்து சுற்றுவாய். அந்த நேரத்தில் உன்னைப் பார்க்க எனக்குத் துணிவிருக்காது. அவன் மணிக்கட்டையே பார்ப்பேன். நரம்பு புடைத்து, விரல்கள் வெளுத்துப்போயிருக்கும். நீ நிமிர்ந்து எழுந்த பிறகுதான் அந்த விரல்களுக்கு ரத்தம் திரும்பும். உன்னைத் தலைக்கு மேல் ஒரு கையில் தாங்கிக்கொண்டே சறுக்கிய தோள்தான் இன்று ஓய்வு கேட்கிறது, தாயி.

ஒருவர் விழுந்தால் ஒரு மதிப்பெண், இருவரும் விழுந்தால் இரண்டு என்று உங்கள் ஆட்டத்தில் கழிப்பதே இருவர் கணக்கிலும்தான். விழுந்தது யாரென்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. இத்தனை வருடம் அப்படி இருந்துவிட்டு, இப்போது மட்டும் குற்றத்தை அவன் பக்கம் எழுதுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

சீனாவின் ஷென் ஷுவே, ஜாவ் ஹாங்போ ஜோடியை நீ எடுத்துக்காட்டினாய். 2005 ஆகஸ்டில் ஜாவுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறே மாதத்தில் டூரின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்கள். 2007-இல் திருமணம் செய்துகொண்டு, இடையில் போட்டிகளை விட்டு விலகியிருந்து, 2010 வான்கூவரில் 36 வயது ஜாவோடு தங்கமும் வென்றார்கள். 1964 முதல் ஒவ்வொரு முறையும் சோவியத், ரஷ்ய ஜோடிகளிடம் போய்ச் சேர்ந்து வந்த தங்கம் அது; 2002-இல் மட்டும் கனடா ஜோடியும் அதைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் ஜாவின் கால் ஆறியது என்பதால் இவன் தோளும் ஆறியாக வேண்டுமென்று நாம் கேட்க முடியுமா?

எனக்கு ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சவ்சென்கோதான் நினைவுக்கு வருகிறார். ராபின் சோல்கோவியோடு ஐந்து உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும் பெற்றவர். 2014-இல் சோல்கோவி ஓய்வு பெற்றபோது சவ்சென்கோவுக்கு முப்பது வயது. பிரான்ஸைச் சேர்ந்த புருனோ மாசோவோடு பிடியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பழகினார். மாசோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைக்கவே 2017 கடைசியாகிவிட்டது. 2018 பியாங்சாங்கில் மூன்று சுற்றுத் தாவலை மாசோ இரண்டு சுற்றோடு முடித்ததால் முதல் நாள் நான்காம் இடம். மறுநாள் 159.31 என்ற அன்றைய உலகச் சாதனைப் புள்ளியோடு, வெறும் 0.43 வித்தியாசத்தில் தங்கம். அது சவ்சென்கோவின் ஐந்தாவது ஒலிம்பிக். உனக்கு வயது இருபத்துநான்குதான். புது ஜோடி தேடுவதா, நிறுத்துவதா என்பதைக் கோடைக்குப் பிறகு பேசிக்கொள்வோம். நீ எதைச் சொன்னாலும் அப்பா கூட இருப்பேன்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனுக்கு அறுவை சிகிச்சை நடக்கும் அன்று நீ ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஜனவரிப் போட்டியை இங்கே விடியற்காலையில் அப்பத்தாவும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். அவன் உன்னைத் தூக்கும்போதெல்லாம் "பத்திரம்யா, பத்திரம்யா" என்று செல்போனைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். நேற்று அதிரசம் சுட்டு இரண்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள். ஒன்றின் மேல் அவன் பெயரை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா