மந்தைவெளியிலிருந்து சரவணனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்கப்போவதில்லை.

மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நம் தெருவைக் கடந்துவிட்டது. அதற்கு முன்பே மெட்ரோக்காரர்கள் வந்து பழைய விரிசல்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பூஜை அறைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறதே, அது கூடுகிறதா என்று அளக்க, அதன் மேல் கட்டம் போட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். விளக்கேற்றும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. மயிரிழை விரிசல்தான். கூடத்துக் கதவு மட்டும் நிலையில் இடிக்கிறது. மழைக்கு மரம் ஊதியதா, சுவர் அசைந்ததா, வெயில் வந்தால்தான் தெரியும்.

வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பயமில்லை, ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் சுவர் விரிசல் விடும் என்று நீ சொன்னாயே. இயந்திரத்தின் முகப்பில் அழுத்தம் குறைந்தால் மண் உள்ளே சரியும், நூற்றில் ஒரு பங்கு மண் அதிகமாக வந்தாலே மேலே தரை தாழும் என்றும் சொன்னாய். பக்கத்து வீட்டு மாமிக்கு அதை நான்தான் விளக்கினேன். "உங்கள் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். பெருமையாக இருந்தது. இவ்வளவு சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு என்னிடம் பேசப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா?

2019-இல் கொல்கத்தா பவுபஜாரில் நடந்தது மனத்தைவிட்டுப் போகவில்லை. பூமிக்கடியில் நீர்ப்படுகையில் இயந்திரம் மாட்ட, தண்ணீரோடு மண்ணும் சுரங்கத்துக்குள் கொட்டி, மேலே வீடுகள் இடிந்தன. 2022-இலும் அங்கே வீடுகளில் விரிசல் விட்டது. நீ சுரங்க வேலை பார்க்கும் இடத்திலும் பழைய சுண்ணாம்புக் கட்டடங்கள்தானே? நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? விரிசல் அளவு கூடினால் வேலையை நிறுத்தச் சொல்ல உனக்கு அதிகாரம் உண்டா? இருந்தால் தயங்காமல் நிறுத்து. மேலதிகாரி கோபித்தால் கோபிக்கட்டும்.

வீட்டுக்காரர்களிடம் பேசு. இங்கே வருகிற பையன் பட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு முகம் பாராமல் போய்விடுகிறான். கூடியிருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொன்னால் இரவில் தூக்கம் வரும். நீ அப்படிச் செய்யாதே. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து பேசு. கருவியைப் பார்ப்பதற்கு முன் அவர்களைப் பார்.

சித்தி மகளுக்கு வளைகாப்பு நன்றாக நடந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அங்கே ஏதாவது நடந்திருந்தால் செய்தித்தாளில் வருவதற்கு முன் எனக்குச் சொல். பழி உன் மேல் வந்திருந்தாலும் சொல். வீட்டுக்காரர்களிடம் பேசு என்றேன், நானும் ஒரு வீட்டுக்காரிதான். ஞாயிறு காலை அப்பா கோயிலுக்குப் போய்விடுவார், பத்து மணி வரை வரமாட்டார். அப்போது கூப்பிடு.

அம்மா