மறுவாழ்வு மையத்துக்கு வெளியே என்னைத் தாங்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஆடிப்பெருக்கோடு நான் போதை மாத்திரையைக் கடைசியாகத் தொட்டு மூன்று வருடம் முடிகிறது. நியாயமாக நான்கு ஆகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை சறுக்கினேன். அதை மறைக்காமல் எழுதச் சொன்னது என் அக்கா. போதையை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் குழுவின் வழக்கப்படி யார் பெயரும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அக்காவுக்குத்தான். போதை மறுவாழ்வு உதவி எண் 14446க்குப் போன் போட்டு விவரம் கேட்டது, நகையை வைத்து என்னைச் சேர்த்தது எல்லாம் அவள்தான். உள்ளே இருந்த மூன்று மாதம் சுலபம். மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் சாப்பிட்டேன். கையில் காசு இல்லை, பழைய கூட்டாளி இல்லை. வெளியே வந்து பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் கால் நடுங்கியது.

கவுன்சிலர் மேடம், டிஸ்சார்ஜ் அன்று எங்களை உட்கார வைத்து நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உடம்புக்குப் பழைய அளவு இப்ப தாங்காது. வெளியே போய் அதே அளவு போட்டா மூச்சே நின்னுடும். முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்து." பக்கத்துக் கட்டில் தம்பிக்கு அதுதான் நடந்தது. வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம். 22 வயது.

தினமும் காலையில் அக்கா நால்ட்ரெக்சோன் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வருவாள். போதை மருந்து மூளையில் போய் ஒட்டும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும், நான் போட்ட அந்த வகை மாத்திரையைப் போட்டாலும் போதை ஏறாது. விழுங்கியதும், "நாக்கைத் தூக்கு" என்பாள். முதல் மாதம் அந்த ஒரு சொல்லுக்காக அவளிடம் கத்தியிருக்கிறேன். மன்னித்துக்கொள், அக்கா.

ஏழாம் மாதம் அவள் நாத்தனார் பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். நான் மாத்திரையை நிறுத்தினேன். ஒரு வாரத்தில் பழைய இடத்தில் நின்றேன்.

மூன்று நாள் வேலைக்கு வராததைப் பார்த்து வீட்டுக்கே வந்தவர் என் முதலாளி. முன்பு இருந்த கம்பெனியில் விஷயம் தெரிந்த அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இவரிடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை கேட்டுப் போனபோதே உண்மையைச் சொன்னேன். ஆறு மாதம் சம்பளத்தை அக்கா கணக்கில் போட்டார், என் கையில் தினம் 100 ரூபாய். அன்று வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு இப்பவே போலாமா, குளிச்சிட்டுப் போலாமா?"

போதை உடம்பில் இருக்கும்போது நால்ட்ரெக்சோன் கொடுக்க முடியாது என்று பத்து நாள் மறுபடி அட்மிட். மேடம், அப்போதும் நீங்கள் திட்டவில்லை. எந்த நாள், எந்த நேரம், யாரோடு என்று நோட்டில் எழுத வைத்தீர்கள். "சிகிச்சை எடுத்தவங்கள்ல 100க்கு 40லேர்ந்து 60 பேர் வரைக்கும் மறுபடி தொடுறாங்க. பிபி, ஆஸ்துமாவும் இப்படித் திரும்பி வரும். அவங்கள யாராவது வீட்டை விட்டுத் துரத்துறாங்களா?" என்று அக்காவிடம் கேட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குழு அண்ணன்களே, பள்ளிக்கூட வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து என் கதையைக் கேட்டீர்கள். முதல் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சாவிக்கொத்தை இரண்டாவது முறை வாங்க எழுந்தபோது என் தலை நிமிரவே இல்லை. நீங்கள் கை தட்டினீர்கள். இன்று என்னிடம், வருடக்கணக்கில் தொடாதவர்களுக்குக் கொடுக்கும் கறுப்பு இருக்கிறது. பட்டறைச் சாவி அதில்தான் தொங்குகிறது. காலையில் ஷட்டரைத் திறக்கும் பொறுப்பை முதலாளி போன தையில் கொடுத்தார்.

கடைசியாக, பக்கத்துக் கட்டில் தம்பியின் அம்மாவுக்கு. அவன் போன பிறகும் நீங்கள் என் நம்பரை அழிக்கவில்லை. வாரம் தவறாமல் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா" என்கிறீர்கள். அம்மா, ஆடிப்பெருக்கு அன்று எங்கள் வீட்டில் கலந்த சாதம். காலையில் நானே வந்து அழைத்துப் போகிறேன்.