தாராவிக்குக் கேள்வித்தாளோடு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உளவியல், சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியில், 90 அடிச் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினான்கு ஆண்டுகளாக உங்கள் ஆய்வுகளுக்குக் களப்பணி செய்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தரும் கேள்விகளைத் தமிழாக்குவதும், வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பதிலைக் குறிப்பதும் என் வேலை.

போன மழைக்காலத்தில் எங்கள் சந்து அத்தை ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "இதையேதான் முன்பும் நீ வந்து கேட்டாய். அப்போது சொன்ன பதிலெல்லாம் எங்கே போயிற்று?" விசாரித்தேன். அந்த ஆய்வை நடத்தியவர் வேறு ஊருக்கு மாறிவிட்டார். கோப்பு அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தது, அது பழுதாகிவிட்டது. 400 வீடுகள், வீட்டுக்கு முக்கால் மணி நேரம். எங்கள் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொன்ன 300 மணி நேரப் பேச்சு அது. அத்தையிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

எங்களிடம் திரட்டும் பதில்களை, அதாவது தரவை, பிற ஆய்வாளர்களும் பார்க்கும்படி திறந்து வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஆனால் நான் முதலில் கேட்பது எண்களை அல்ல, கேள்விகளை.

மனச்சோர்வை அளக்க நீங்கள் கொண்டுவரும் பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை மதிப்பெண், அதிகபட்சம் மொத்தம் 27. இரண்டாம் கேள்வி மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருப்பதைப் பற்றியது. நான்காவது, உடலில் தெம்பில்லாமல் களைத்திருப்பது. ஒருமுறை என் கைக்கு வந்த தமிழ் வடிவத்தில் இரண்டிலும் 'சோர்வு' என்ற சொல்லே இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு இட்லி மாவோடு எழுந்து, பகல் முழுக்க நிற்கிற பெண் இரண்டுக்கும் 3 என்றுதான் சொல்வாள். அவளுடைய கால்வலி இரண்டு முறை மனநோயாகக் கணக்கில் ஏறும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் வீடுகளில் 'மனசு சரியில்லை' என்று கேட்டால்தான் அந்த இரண்டாம் கேள்வி போய்ச் சேர்கிறது. நான் அப்படி மாற்றிக் கேட்டேன். மாற்றியதைக் குறித்தும் கொடுத்தேன். வெளிவந்த கட்டுரையில் ஆங்கிலக் கேள்விகள் மட்டுமே இருந்தன. வாசித்தவர் யாருக்கும் நாங்கள் எந்தச் சொல்லுக்குப் பதில் சொன்னோம் என்று தெரிய வழியில்லை.

கோப்பைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. படிவத்தின் தலைப்பில் கையெழுத்து வாங்கினால் மக்கள் அதிக நேர்மையாகப் பதில் தருவார்கள் என்று 2012இல் வந்த கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. 2020இல் அதை எழுதியவர்களே மறுபடி சோதித்து, அந்த முடிவு நிற்கவில்லை என்று சொல்லிப் பழைய தரவையும் வெளியிட்டார்கள். அதைப் பிரித்துப் பார்த்த வேறு சிலர், காப்பீட்டுப் படிவத்தில் மக்கள் தங்கள் கார்கள் ஓடிய தூரத்தை எழுதியதாக அந்தக் கட்டுரை காட்டிய கணக்கு புனையப்பட்டது என்று 2021இல் காட்டினார்கள். கட்டுரை அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கோப்பு முதல் நாளிலேயே வெளியே இருந்திருக்க வேண்டும்.

எங்கள் அந்தரங்கத்தைக் காக்கவே தரமறுக்கிறோம் என்று நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். அந்த அச்சம் எனக்கு உங்களைவிட அதிகம். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். '52 வயது, கணவர் இல்லை, இட்லி வியாபாரம், நாங்குநேரிப் பக்கம், மூன்று பெண் பிள்ளைகள்' என்று ஒரு வரி இருந்தால் எங்கள் சந்தில் குழந்தைகூட ஆளைக் காட்டிவிடும். குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் தாராவி மறுசீரமைப்பில் வீடு யாருக்கு என்ற கேள்வி தலைக்குமேல் தொங்கும் இந்த நாட்களில், அந்த உரிமையைப் பாதிக்கக்கூடிய விவரம், அதாவது யார் எந்த ஆண்டு வந்தார், யார் மேல்மாடியில் இருக்கிறார் என்பது வெளியானால் என்ன நேருமோ என்று எல்லோருக்கும் பயம்.

வழி இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே, இதே மும்பையின் தேவ்னாரில். தேசியக் குடும்பநல ஆய்வை ஒருங்கிணைக்கும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2019-21 சுற்றில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் எடுத்த பதில்கள், பதிவு செய்து கேட்கும் ஆய்வாளர்களுக்காகத் திறக்கப்பட்டன. அந்தத் தரவில், ஆளை அடையாளம் காண முடியாதபடி, வரைபடத்தில் இடத்தைக் காட்டும் நகர்ப்புற இடக்குறிகளை 2 கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே தள்ளி வைத்தார்கள். தாராவியிலிருந்து அவ்வளவு தள்ளினால் மாட்டுங்காவோ மாகிமோ வந்துவிடும். நீங்களும் வயதைப் பத்தாண்டுத் தொகுப்பாக்குங்கள், சொந்த ஊரை மாவட்டத்தோடு நிறுத்துங்கள், தொழிலைப் பொதுவாக்குங்கள். அதற்கு மேலான விவரத்தை, காரணம் எழுதிக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே ஒரு தரவுச் சேவை வைத்திருக்கிறது.

ஒப்புதல் படிவத்தையும் திருத்துங்கள். 'இந்தப் பதில்கள் ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்' என்று நீங்களே எழுதிவிட்டால் பிறகு யாராலும் பகிர முடியாது. 'பெயரும் அடையாளமும் நீக்கி, பிற ஆய்வாளர்களுக்குத் தரலாமா?' என்று தனி வரியாகக் கேளுங்கள். நான் பழகிய வீடுகளில் நிதானமாக விளக்கினால் பெரும்பாலோர் சரி என்பார்கள். மறுப்பவரின் பதிலை விட்டுவிடுங்கள்.

என்னிடம் பதினொரு கேள்வித்தாள்களின் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. எந்தச் சொல்லை ஏன் மாற்றினேன் என்று ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு, நோட்டுகளில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் யாருடைய பதிலும் இல்லை. எழுதியது என் கை என்றாலும், கூலி கொடுத்து வாங்கியவர்கள் நீங்கள். உங்கள் எழுத்து அனுமதியில்லாமல் வெளியிட மாட்டேன். அந்த அனுமதியைத் தாருங்கள். தட்டச்சு செய்யும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு களப்பணியாளர்