மழைக்கால மாலைகளும் டிசம்பர் விடுமுறையும்: அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். பரீட்சை நேரசூசி, பாடசாலை வான் ஒழுங்கு என்று இந்தத் தவணையில் ஏற்கெனவே நிறையச் சுற்றறிக்கைகள் அனுப்பிவிட்டோம். இது வேறு விஷயம். வரப்போகும் மழை நாட்களையும் டிசம்பர் விடுமுறையையும் முழுக்க முழுக்க டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு வகுப்பு தேவைதான். நான் சொல்வது சின்னப் பிள்ளைகளைப் பற்றி.

தரம் நான்கில் அண்மையில் மழை நாளைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னோம். கொழும்பு காலி வீதியில் பாடசாலை வான் நெரிசலில் அசையாமல் நின்றதையும், நனைந்த சப்பாத்தோடு பின்னேர வகுப்புக்குப் போனதையும்தான் அநேகமானோர் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் அம்மம்மா கொத்தமல்லி அவித்துத் தந்ததை எழுதியிருந்தாள். வறுக்கும்போது சட்டியில் மல்லி படபடத்தது, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டதும் தும்மல் வந்தது, சூட்டுக்குக் கோப்பையைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தந்தது, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தது, ஒன்றையும் விடவில்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனாலும் ஆசிரியர் அறையில் அந்தக் கொப்பியை எல்லோரும் வாங்கி வாங்கி வாசித்தோம். அடுப்படியில் அந்தப் பிள்ளை சும்மா நின்ற அந்த அரை மணித்தியாலத்தை எங்களால் பாடசாலையில் கொடுக்க முடியாது.

கொழும்பில் இலையும் உதிராது, பனியும் கொட்டாது. ஆனாலும் பருவம் மாறுவது நன்றாகவே தெரியும். ஒக்டோபர், நவம்பரில் காலையில் சுள்ளென்று வெயில் அடித்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் வானம் கறுத்து, பின்னேரம் இடியோடு கொட்டும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் இங்கே மழை குறையும். விடியற்காலையில் வெப்பநிலை 22 பாகை அளவுக்கு இறங்கும். ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவது இந்த நாட்களில்தான். நவம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.20 தாண்டித்தான் உதிக்கும். பல்கனியில் நின்று பிள்ளையோடு இதை ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள்.

கார்த்திகை விளக்கீடு வருகிறது. முற்றத்தில் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றிய பெரியவர்கள் பலர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். வாசற்படியில் நாலு சின்ன மண் சிட்டி விளக்கு வைத்தாலும் போதும். ஆனால் அந்த வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். புதுச் சிட்டிகளை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிட்டியே எண்ணெயைக் குடித்துவிடும். திரியைத் தானே திரிக்கட்டும். எண்ணெய் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். பிறகு திருவெம்பாவைக் காலம் வரும். விடிய முன் எழும்பிக் கோயிலுக்குப் போகப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை என்பது உங்களுக்கே தெரியும். கிறிஸ்மஸ் கொண்டாடும் வீடுகளில் கேக்குக்குக் கஜுவும் பிளம்ஸும் வெட்டுவதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கொஞ்சம் வாய்க்குள் போகும், போகட்டும். பக்கத்து வீட்டுக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்களாகவே இருக்கட்டும்.

தென்மேல் பருவக்காற்று ஓய்ந்துவிடுவதால் டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். பின்னேரம் கூட்டிப்போங்கள். கடற்கரையோரத் தண்டவாளத்தைக் கடக்கும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மழைக்குப் பின் தேங்கும் தண்ணீரில் முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஞாயிறு காலையில் பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய வாளி எல்லாவற்றையும் பிள்ளையோடு சேர்ந்து கவிழ்த்துவிடுங்கள். எங்கள் வகுப்பறைகளில் டெங்குவால் காலியாகும் கதிரைகளைப் பார்ப்பது மிகவும் வேதனையானது.

தரம் ஐந்துக்குக் கீழ் இம்முறை விடுமுறை ஒப்படை எதுவும் கொடுக்கவேண்டாம் என்று ஆசிரியர்களிடம் கூறியிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் நூலகத்திலிருந்து இரண்டு கதைப் புத்தகங்கள் தரப்படும். மழையில் நனையாமல் பொலித்தீன் உறையில் போட்டு வைத்து, புதிய தவணையின் முதல் நாளன்று வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
அதிபர்