நாட்டுப்புறக் கலை விழாச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஆறு முறை கூடியது. இளையோருக்கான பயிற்சி முகாம் ஒன்று நடைபெற்றது. ஆண்டு விழா மூன்று நாள்கள் நடந்து நிறைவுற்றது.

அவ்விழாவுக்கு இடம் கொடுத்த ஊரைப் பற்றி இவ்வறிக்கையில் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இதுவரை நாம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, மைதானத்திற்கு அனுமதி பெற்று, நிகழ்ச்சி நிரலையும் அச்சிட்ட பிறகே அவ்வூராரிடம் அழைப்பிதழோடு சென்றோம். வந்தவர்கள் பார்வையாளராக அமர்ந்தார்கள். வராதவர்கள் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். விழா முடிந்ததும் மிதிபட்ட மைதானமும் குப்பையும் அவர்களுக்கு மிஞ்சின. இம்முறை விழாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே ஊர்க்குழு ஒன்றை அமைத்து, எந்தத் தெருவை அடைப்பது, இரவில் எத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவது, பகல் மேடையில் யார் ஏறுவது என்பவற்றில் கருத்துக் கேட்பதோடு நில்லாமல் முடிவெடுக்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். விழாவின் தரம் குறைந்துவிடும் என்று சிலர் எதிர்த்ததைக் குறிப்பேட்டில் பதிவு செய்துள்ளேன்.

அப்போது நான் எடுத்துக்காட்டியதை இங்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1934இல் செயிண்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய தேசிய நாட்டுப்புற விழா, அண்மைப் பதிற்றாண்டுகளில் பெரும்பாலும் ஒரு நகரில் மூன்று ஆண்டுகள் தங்கிவிட்டு அடுத்த நகருக்குச் செல்கிறது. 1987 முதல் 1989 வரை அவ்விழாவை நடத்திய லோவெல் நகரத்தார், அது போன பின் 1990 முதல் தம் சொந்த விழாவைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். ரிச்மண்ட், பியூட் ஆகிய நகரங்களிலும் அவ்வாறே நடந்தது. மூன்று ஆண்டுகள் உடனிருந்து வேலை பழகியவர்களுக்கு நான்காம் ஆண்டில் வெளியார் துணையின்றி நடத்த முடிகிறது. மூன்றே நாளில் வந்து போகும் நாம் அத்தகைய பழக்கத்தை எந்த ஊருக்கும் கொடுத்ததில்லை.

ஊர்க்குழுவின் முடிவுப்படி கலைஞர்கள் விடுதிகளில் தங்காமல் வீடுகளில் தங்கினர். மேடைக்கு வர மறுத்துவிட்ட ஒரு மூதாட்டி, இரண்டாம் நாள் மாலை தம் வீட்டு வாசலில், அங்கே தங்கியிருந்த கலைஞர்களுக்காகப் பாடினார். தெருவே கூடிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தையே இவ்வாண்டின் சிறந்த நிகழ்ச்சியாக நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. ஊர்க்குழுவில் இடம்பெற்றவர்கள் எப்போதும் முன்னிற்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. பெண் ஒருவர்தான் இருந்தார். வாடகைக்குக் குடியிருப்போரையும், சத்தத்தால் மிகவும் சிரமப்பட்ட மைதானத்தின் பின்புறத் தெருவினரையும் நாம் கேட்கவே இல்லை. அது என் தவறு.

ஆனால் ஊர்க்குழுவோடு நடந்த கூட்டங்களுக்கு நம் தரப்பில் பெரும்பாலும் மூவரே வந்தோம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருமுறை ஊரார் வேலையை விட்டு வந்து காத்திருக்க, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர்கள் நம் தரப்பில் இல்லாமல் கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். ஊரார் வருவதில்லை என்று பல ஆண்டுகளாகக் குறை கூறிவந்த உறுப்பினர்களே அன்று வரவில்லை. இவர்களில் சிலருடைய சந்தா இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது. நினைவூட்டுக் கடிதங்களுக்கும் பதில் இல்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு செலவை ஒட்டியே இருந்தது. ஏற்பட்ட சிறு பற்றாக்குறை சேமிப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது.

கலைஞர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டும் தம் ஊரிலேயே விழாவை நடத்தும்படி ஊர்க்குழுவினர் கடிதம் அனுப்பியுள்ளனர். பின்புறத் தெருவினரையும் சேர்த்துக் குழுவை விரிவாக்க அவர்களும் இசைந்துள்ளனர். நான் இன்னும் பதில் எழுதவில்லை. மாதம் ஒரு மாலை அவ்வூருக்கு வந்து அமரக்கூடியவர்கள் யார் யார் என்று தெரிந்த பின் எழுதுவதே முறை என்று கருதுகிறேன். அதற்கான பதிவேடு பொருளாளரின் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்தின் அருகில் வைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்