கூடம் கோணலா, கண்ணு?

அன்புள்ள கயல்விழிக்கு,

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். 60 குண்டுகளுக்கு 588 புள்ளி. கிளப் துப்பாக்கி சரியில்லை, புது ஏர் ரைஃபிளுக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வேண்டும். வாசித்துக் காட்டியதும் உன் அம்மா, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அந்தப் பழமொழியில் முழு நம்பிக்கை கிடையாது. கூடம் சில நேரம் நிஜமாகவே கோணலாக இருக்கும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 597 புள்ளி சுட்டு இறுதிச் சுற்றுக்குப் போய், ஏழாவதாக முடித்தார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலே பாதியில் பழுதானது. ஆனால் எனக்குப் பிடித்தது 2008 பெய்ஜிங் கதை. இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் பிந்த்ராவின் சோதனைக் குண்டு நாலு புள்ளி வட்டத்தில் போய் விழுந்தது. குறி பார்க்கும் சைட் நகர்ந்திருந்தது. பதறாமல் திருகித் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டுக்கு 10.8 புள்ளி, தங்கம். தன் கை எவ்வளவு சிதறும் என்று மில்லிமீட்டரில் தெரிந்தவருக்குத்தான் "இந்த நாலு என்னுடையதல்ல" என்று அந்த நொடியில் சொல்ல வரும்.

உன் கை எவ்வளவு சிதறும், கண்ணு?

நான் லேத்தில் நின்ற காலத்தில் ஒருநாள் நாற்பது புஷ், அதாவது உள்ளே துளையுள்ள உருளைத் துண்டுகள், அளவு தப்பிப்போனது. துண்டைப் பிடிக்கும் சக் தேய்ந்துவிட்டது என்று சத்தம் போட்டேன். ஃபோர்மேன் பதிலே சொல்லாமல் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சக்கைச் சுற்றினார். முள் அசையவில்லை. நான்தான் வெட்டும் டூலை நீளமாக வெளியே விட்டுக் கட்டியிருந்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது நீ சுட்டு விட்டுப்போன இலக்குத் தாளை வெர்னியரில் அளந்தேன். பத்துக் குண்டு, ஓரத்துக்கு ஓரம் 14.5 மில்லிமீட்டர். பெல்லட்டின், அதாவது குண்டின், விட்டம் 4.5-ஐக் கழித்தால் 10. இது நீயும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த சிதறல். இரண்டு பிழைகளும் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரி. உன் பங்கு 9.8, துப்பாக்கியின் பங்கு 2 என்று வைத்தால் கர்ணம் 10. புது ரைஃபிள் வாங்கி 2-ஐ 1 ஆக்கினால் 9.85. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கிடைப்பது இரண்டு தலைமுடி கனம்! உன் கை 3-க்கு வந்துவிட்டால் கதை வேறு. அதே மாற்றத்தில் மொத்தச் சிதறல் 3.6-லிருந்து 3.2 ஆகும். பத்துக்கான நடுப்பொட்டே அரை மில்லிமீட்டர்தான் என்னும் விளையாட்டில் அது பெரிய தொகை. பெரிய வீரர்கள் துப்பாக்கிக்கும் பெல்லட்டுக்கும் அவ்வளவு அலைவது இதனால்தான், பகட்டுக்காக அல்ல.

துப்பாக்கியின் பங்கு 2 என்பது என் ஊகம். ஊகத்தில் வேலை செய்தால் மறுபடியும் நாற்பது புஷ் போகும். அதனால், பயிற்சியாளரிடம் கேட்டு ரைஃபிளை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கிக் கட்டி, கை படாமல் பத்துக் குண்டு சுடு. சிலிண்டரில் காற்று நிறைந்திருக்கட்டும். அப்புறம் பெல்லட்டை மாற்றிப் பார்: 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வெவ்வேறாக வருகிறதே, ஒவ்வொன்றிலும் பத்து. குழலுக்குப் பிடித்த பெல்லட் கிடைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும், செலவும் ரைஃபிளைப் பார்க்கக் கொஞ்சம்தான். குண்டுகள் நெருக்கமாக விழுந்து நடுவை விட்டு விலகியிருந்தால் அது சைட் வேலை. அதற்காக யாரையும் திட்டாதே.

பிறகு அதே பெல்லட்டில், நின்றபடி நீ சுட்ட தாள்களும் வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பாதே. சுருட்டாமல் அட்டைக்குள் வைத்துக் கூரியரில் போடு. வைஸில் கட்டியும் 5 மில்லிமீட்டருக்கு மேல் சிதறினால் கூடம் கோணல்தான். ரைஃபிளுக்கு நான் பொறுப்பு.

உன் அம்மா பழமொழி சொன்ன கையோடு சீட்டுக்காரரிடம் இப்போது எடுத்தால் எவ்வளவு வரும் என்று விசாரித்துவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

அன்புடன்,
அப்பா