செல்போன் பாத்தது நாங்க இல்ல, ராஜபார்ட்டு

ஆசிரியர் ஐயா அவுகளுக்கு வணக்கம்.

போன இதழ்ல செட்டிநாட்டுத் திருவிழா நாடகங்களப் பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோவெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு, சந்தோசம். ஆனா கடைசிப் பக்கத்துல ஒரு வரி, "செல்போன் வந்த பிறகு கிராமத்து மக்களுக்கு விடிய விடிய உட்கார்ந்து நாடகம் பார்க்கும் பொறுமை போய்விட்டது"ன்னு. அந்த வரிய நான் மூணு தடவ படிச்சேன், வீட்டுல சத்தமா படிச்சும் காட்டுனேன். ஏன்னா நீங்க எழுதுன அந்த நாடகத்துக்கு மைக் செட் போட்டது நான்தான். புதுவயலுக்குப் பக்கத்துல ஊரு. அன்னிக்கு ராத்திரி செல்போன் பாத்துக்கிட்டு இருந்தது யாருன்னு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத் தெரியும். ராஜபார்ட்டுதான் ஐயா, கதாநாயகன் வேசம் கட்டுறவரு.

நடந்தத சொல்றேன். வள்ளி திருமணம். பத்து மணின்னு நோட்டீசு, ஆரம்பிச்சது பதினொண்ணு, அது வழக்கந்தான், அதுக்கு யாரும் கோவப்படல. பபூனும் டான்சும் ஒரு மணி வரைக்கும் இழுத்தாக, பபூன் நல்லாவே செஞ்சாரு, ரெண்டு நாளாத் தூங்கலன்னு மேக்கப் போடுறப்ப எங்கிட்ட சொன்ன மனுசன். அப்புறம் நாரதர் வந்தாரு, வள்ளியோட தர்க்கம். மின்னயெல்லாம் அந்தத் தர்க்கம் ஒண்ணே ஒரு மணிநேரம் ஓடும், இவரு கேக்க அந்தம்மா மடக்க, ஜனம் கைதட்ட. அன்னிக்கு இருவது நிமிசத்துல ரெண்டு பேரும் ராசியாயிட்டாக. சரி, வேடன் வந்தாத் தேறும்னு நெனச்சேன். வள்ளி தினைப்புனத்துல ஆலோலம் பாடி முடிச்சிருச்சு, வேடனக் காணோம். ஆர்மோனியக்காரரு மூணு தடவ சுத்தி சுத்தி வாசிச்சிட்டு என்னப் பாக்குறாரு. நான் எந்திரிச்சு படுதாவுக்குப் பின்னால போனா, முருகப்பெருமான் பிளாஸ்டிக் சேர்ல கால்மேல கால் போட்டு, மடியில வில்லு, கையில போனு, அதுல யாரோ மாடில இருந்து விழுகுற வீடியோ. தம்பி ஒங்க சீனு அப்புடின்னேன். "இருங்கண்ணே, வள்ளி இன்னொரு பாட்டுப் பாடட்டும்" அப்புடின்னாரு. தலையக்கூட நிமித்தல.

வந்தும் என்னத்த செஞ்சாரு. அந்தப் பெரிய பாட்டு, ஊருக்கே மனப்பாடம், அதுல ஒன்றரை வரி பாடிட்டு மிச்சத்த ஆர்மோனியக்காரர் பக்கம் தள்ளிவிட்டாரு. விருத்தத்துல பாதி காணோம். முன்வரிசையில சுக்காப்பிச் சொம்போட ஒரு அப்பத்தா உக்காந்திருந்துச்சு, எழுவத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், அது அவரு விட்ட வரிய வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பாடி முடிச்சிச்சு. ஸ்டேண்டு மைக்கு கிட்டத்துல இருந்ததால எனக்கு ஹெட்போன்ல லேசாக் கேட்டுச்சு. யாருக்குங்க பொறுமை இல்ல?

நடுவுல அன்பளிப்பு வேற. நூறு ரூவாயச் சட்டயில பின்னு குத்தி விட்டா, பாட்டப் பாதியில நிறுத்தி, இன்னாரு மகன் இன்னாரு, சிங்கப்பூர்ல இருந்து, அவுகளுக்கு எங்கள் நாடகக் குழுவின் சார்பாகன்னு ரெண்டு நிமிசம். அதுக்கு மட்டும் குரல் எட்டூருக்குக் கேக்குது. அப்புறம்தான் பாய் சுருட்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்சது. அதுக்கு மின்ன, மணி ரெண்டுக்கு, அந்தத் தெடல்ல எரநூறு பேருக்குக் கொறயாம உக்காந்திருந்தாக, நான் எண்ணுறது பழக்கம். ஒங்க நிருபர் தம்பி பபூன் டான்ச நாலு போட்டோ எடுத்துக்கிட்டு பதினொன்னே முக்காலுக்கு பைக்க எடுத்துட்டாரு. சாப்புட்டுப் போங்கன்னு சொன்னதுக்கும் நிக்கல. மூணு மணிக்கு யாருக்குப் பொறுமை இருந்துச்சு யாருக்கு இல்லன்னு அவருக்கு எப்புடித் தெரிஞ்சதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

கட்டுரையில இன்னொண்ணு, "குழுவினர் பல நாள் ஒத்திகை பார்த்து"ன்னு இருந்துச்சு. இத உங்களுக்கு நான் சொல்லணுமா ஐயா? ஸ்பெசல் நாடகத்துல ஏது குழு, ஏது ஒத்திகை. ராஜபார்ட்டு மதுரையில இருந்து ஒரு பஸ்ஸு, நாயகி வேசம் கட்டுற ஸ்திரிபார்ட்டு புதுக்கோட்டையில இருந்து ஒரு பஸ்ஸு, ஆளாளுக்குத் தனித்தனியா அட்வான்ஸ் குடுத்துக் கூட்டியாறது. ரெண்டு பேரும் மொத மொதப் பாக்குறதே மேக்கப் கொட்டாயிலதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்சிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொதுவா இருக்கிறதாலதான் இது ஓடுது. அவரு 1922ல போய்ச் சேந்தவரு, நூறு வருசத்துக்கு மேல ஆகியும் அவரு எழுத்துலதான் இம்புட்டுப் பேரு கஞ்சி குடிக்கிறாக. ஒத்திகை இல்லங்கிறதே இதுல பெருமை, மேடையில வந்து நின்னா அந்த நிமிசம் எதுத்தாளு என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தெரியணும். அந்தத் தெம்பு இல்லாதவுகளுக்கு ஒத்திகை இல்லாதது வசதியாப் போச்சு, அம்புட்டுத்தான்.

எங்கப்பா பெட்ரோமாக்ஸ் லைட்டு வாடகைக்கு விட்டவரு. ஏவிஎம் ஸ்டூடியோ இங்கன தேவகோட்டை ரஸ்தாவுல இருந்து, 1948ல மெட்ராசுக்குப் போனத அவரு நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. நாடக நடிகரு கிட்டப்பா மைக்கு இல்லாமப் பாடுன கதையெல்லாம் அவரு வாய்வழி கேட்டதுதான். கிட்டப்பா 1933ல போனப்ப இருவத்தேழே வயசு. விசுவநாத தாஸ் 1940 டிசம்பர் 31ஆம் தேதி மெட்ராசு மேடையில முருகன் வேசத்துல, மயில்மேல உக்காந்தபடியே பாட்டுக்கு நடுவுல உசுர விட்டாரு. அதே முருகன் வேசந்தாங்க. அதே வேசத்தப் போட்டுக்கிட்டு இவரு வீடியோ பாக்குறாரு. உசுரயெல்லாம் யாரும் கேக்கல, சார்ஜ் போட்டு வச்சிட்டு வந்து நின்னாப் போதும்.

நானே கண்ணால பாத்தது ஒண்ணு. தொண்ணூத்தொண்ணோ தொண்ணூத்திரண்டோ, நாட்டரசன்கோட்டைக்கு அங்குட்டு ஒரு ஊர்ல அரிச்சந்திர மயான காண்டம். விடியக்காலம் நாலு மணி இருக்கும், கரெண்டு போயிருச்சு. ஜெனரேட்டரு இழுக்குறேன், கயிறு கையோட வருது. எனக்கு மானம் போச்சு. அந்த ராஜபார்ட்டு அரை நொடி நிக்கல, தோள்ல கம்போட மேடை விளிம்புக்கு வந்து, யாரோ தூக்கிப் புடிச்ச அரிக்கேன் வெளிச்சத்துல பாடுனாரு. கடைசி வரிசைக்குப் பின்னால நின்ன பஜ்ஜிக் கடைக்காரன் அடுப்ப அணச்சிட்டு வந்து நின்னான். லோகிதாசன் பொணத்தப் போட்டுட்டு சந்திரமதி அழுவுற எடத்துல பொம்பளைக பூரா மூக்கச் சிந்துறாக. மைக்கு கிடையாது, லைட்டு கிடையாது, நான் எதுக்கு அங்க இருந்தேன்னே தெரியல. கரெண்டு வந்தப்ப எனக்கு சுவிச்சப் போடவே மனசு வரல.

இப்ப என்னடான்னா வந்ததும் வராததுமா "அண்ணே, எக்கோ கூட்டி வைங்கண்ணே". நானும் கூட்டுறேன், என் தொழில் அது. தொண்டையில இல்லாதத எக்கோவுல எம்புட்டுத்தான் எடுக்குறது? ஆர்மோனியக்காரர்ட்ட சுருதிய அரைக்கட்டை எறக்குங்கம்பாக, இன்னும் அரை எறக்குங்கம்பாக, எறக்கி எறக்கி அவரும் எங்க போவாரு. எடையில ரெண்டு சினிமாப் பாட்ட நொழச்சு ஒப்பேத்திப்புட்டு, மங்களத்த மூணரைக்கே பாடிட்டாக. மொத பஸ்ஸு நாலு மணிக்காம்.

சம்பளம் கொறச்சல்னு சொல்லுவாக, சீசன்ல மாசிலருந்து ஆடி வரைக்கும் ராத்திரி ராத்திரி ஓடுறோம்பாக. இல்லன்னு சொல்லல. அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் தூங்காமத்தான் கெடக்கேன். ஆனா தூக்கமில்லாத பபூனும் அதே மேடையிலதான நின்னாரு?

ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ஆம் வருசத்துல விதி கொண்டாந்தாக, குழாய் ரேடியோவக் கழட்டச் சொன்னாக, வருசா வருசம் பெர்மிசனுக்கு நாங்க எத்தன தடவ ஸ்டேசன் வாசல்ல நிக்கிறோம்னு அதப் பத்தி ஒரு வரி போட்டீங்களா? ரெண்டு வருசத்துக்கு மின்ன இதே விசயமா ஒரு கடிதம் எழுதுனேன், அதுவும் வரல. இடமில்லாமப் போயிருக்கும், பரவால்ல. அதே வாரம் ராசிபலன் ஒன்றரைப் பக்கம் வந்திருந்துச்சு. என் சந்தா லேபிள்ல ஊர்ப் பேரு தப்பா இருக்குன்னு போன் பண்ணிச் சொன்னதும் இன்னும் மாறல, தபால்காரர் தெரிஞ்சவருங்கிறதால புத்தகம் வந்து சேருது.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அந்தக் கட்டுரைய மாத்தி எழுதச் சொல்லல, ராஜபார்ட்டு பேரப் போட்டு அசிங்கப்படுத்தவும் சொல்லல, அவருக்கும் புள்ள குட்டி இருக்கு. மூணாம் பக்கத்துப் போட்டோவுல வலதுபக்கம் கண்ணாடி போட்டு உக்காந்திருக்கிறவர "மிருதங்கக் கலைஞர்"னு போட்டிருக்கீங்க. முன்னால ஆர்மோனியப் பொட்டி தெரியுது ஐயா, அவரு கையி அதுமேலதான் இருக்கு. அவரு ஆர்மோனியக்காரரு. அன்னிக்கு வேடனுக்கும் சேத்துப் பாடுனது அவருதான். அடுத்த இதழ்ல எங்கயாவது ஓரத்துல ஒரு வரி திருத்தம் போட்ருங்க, அவரு பேத்தி அந்தப் பக்கத்தக் கிழிச்சு வச்சிருக்கு.

இப்படிக்கு,
மைக் செட்காரன்,
புதுவயல் பக்கம்.

பி.கு. வைகாசியில பவளக்கொடி வச்சிருக்கோம். நிருபர் தம்பிய அனுப்புங்க, மேடைக்கு முன்னாலயே பாய் போட்டு வைக்கிறேன். பைக்குச் சாவிய மட்டும் எங்கிட்ட குடுத்துறணும்.